சிவப்பு ஒயினுக்கு ஆண்டும் மதிப்பெண்ணும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிரான்சில் வசிக்கும் என் மருமகன் ஒயின் வாங்கும்போது தோட்டத்தின் பெயரைவிட ஆண்டையே முதலில் பார்க்கிறார். ஒரே தோட்டத்துச் சிவப்பு ஒயின் ஆண்டுக்கு ஆண்டு அவ்வளவு மாறுமா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: மாறும். பாட்டிலில் உள்ளது திராட்சை பறிக்கப்பட்ட ஆண்டு. ஒயின் கடைக்கு வந்த ஆண்டு அன்று. பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் பகுதியான போர்தோவில் வளர்ந்த கொடிகளுக்குப் பாசனம் செய்யப் பொதுவாக விதிகள் இடம் தருவதில்லை. அதனால் ஏப்ரல் உறைபனி, ஜூன் மாதப் பூப்பு, ஆகஸ்ட் வெயில், செப்டம்பர் மழை எல்லாமே அந்த ஆண்டின் ஒயினில் தெரிந்துவிடும். 2013இல் வசந்தம் குளிர்ந்தும் ஈரமாகவும் இருந்ததால் பூக்கள் சரிவரப் பிஞ்சு பிடிக்கவில்லை. அறுவடை நேரத்தில் அழுகலும் பரவவே, பலர் பழம் முழுமையாகப் பழுக்கும் வரை காத்திருக்க முடியாமல் பறித்தார்கள். 2010இலோ வறண்ட கோடையும் குளிர்ந்த இரவுகளும் சேர்ந்து, புளிப்பும் துவர்ப்பும் ஒருசேர மிகுந்த, நெடுநாள் தாங்கும் ஒயினைத் தந்தன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஆர்லி ஆஷென்ஃபெல்டர், குளிர்கால மழை, வளர்பருவ வெப்பம், அறுவடைக்கால மழை, ஒயினின் வயது ஆகியவற்றைக் கொண்டே போர்தோ ஒயின்களின் விலையைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றை அமைத்தார். சுவைத்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது கசந்தது.

ஆயினும், முழுப் பகுதிக்கும் ‘நல்ல ஆண்டு’, ‘மோசமான ஆண்டு’ என ஒரே முத்திரை குத்தும் அட்டவணைகளை உங்கள் மருமகன் அப்படியே ஏற்க வேண்டாம். மெர்லோ என்ற திராட்சை வகை முந்திப் பழுப்பது. கேபர்னே சோவினியோன் என்ற வகை பிந்திப் பழுப்பது. 1998இல் போர்தோவில் மெர்லோ மிகுந்த பொமரோல், சான்-எமிலியோன் பகுதிகளில் பலத்த மழைக்கு முன்பே பறிப்பு பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆற்றின் எதிர்க்கரைப் பகுதியான மெடாக்கில் கேபர்னே நனைந்தது. 1996இல் மெடாக்கின் கை ஓங்கியிருந்தது.

கேள்வி: ஒரு விமர்சகர் 100க்கு 93 தருகிறார், இன்னொருவர் அதே ஒயினுக்கு 20க்கு 16.5 தருகிறார். எதை நம்புவது? (வாசகர், மதுரை)

பதில்: எண்ணைவிட அதன் கீழே எழுதியிருக்கும் குறிப்பை நம்புங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1959இல் வகுக்கப்பட்ட 20 மதிப்பெண் முறை, தெளிவு, நிறம், மணம், புளிப்பு, துவர்ப்பு எனப் பிரித்து மதிப்பிடுவது. ஒயினில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அது பெரிதும் உதவியது. 1978இல் தம் இதழைத் தொடங்கிய அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் புகழ்பெறச் செய்த 100 மதிப்பெண் முறை உண்மையில் 50இல் தொடங்குகிறது. அதிலும் 85க்குக் கீழே பெற்ற மதிப்பெண்ணை எந்தக் கடைக்காரரும் எழுதி ஒட்டுவதில்லை என்பதால், வாங்குகிறவர் கண்ணில் படுவது கடைசிப் பதினைந்து படிகள் மட்டுமே.

அந்தப் படிகளும் உறுதியானவை அல்ல. ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஒயின் தயாரிப்பாளர், கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியில் நடுவர்களுக்குத் தெரியாமல் ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுக்கச் செய்தார். 2008இல் வெளியான அவரது ஆய்வின்படி, மூன்று முறையும் ஒரே பதக்கப் பிரிவுக்குள் மதிப்பெண் இட்டவர்கள் ஏறத்தாழ 10 சதவீதத்தினரே. அனுபவம் மிக்க நாவுக்கே இந்த நிலை என்றால், 92க்கும் 93க்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மதிப்பெண் இடப்பட்ட தேதியையும் பாருங்கள். 1976இல் பாரிசில் ஒயினின் பெயரை மறைத்து நடத்திய புகழ்பெற்ற சுவைப்பில் கலிஃபோர்னியாவின் ரிட்ஜ் மான்டி பெல்லோ 1971 சிவப்பு ஒயின்களில் ஐந்தாம் இடமே பெற்றது. அதே ஒயின்களை 2006இல் மீண்டும் சுவைத்தபோது அது முதலிடத்துக்கு வந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் ஒயினும் மாறியது, நடுவர்களும் மாறினார்கள்.

கேள்வி: நண்பர்களுடன் ஒரே தோட்டத்தின் ஐந்து ஆண்டுகளை வரிசையாகச் சுவைத்து மதிப்பிட விரும்புகிறேன். எப்படி நடத்துவது? (வாசகர், சென்னை)

பதில்: முதலில் வெப்பத்தைக் கவனியுங்கள். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பியக் கல்வீடுகளுக்குச் சொன்னது. அதன் பொருள் 16 முதல் 18 டிகிரி. சென்னை அறையின் 30 டிகிரியில் சாராய நெடி மட்டுமே மேலெழும். பழைய பாட்டில்களை முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிட்டால் அடியில் மண்டி தங்கும். பின்பு மெதுவாக வேறு குடுவைக்கு வடித்துக்கொள்ளலாம். மிகப் பழையதை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டாம், அதன் மணம் விரைவில் போய்விடும்.

பாட்டில்களைத் துணியால் சுற்றி எண் மட்டும் இடுங்கள், ஆண்டு தெரிந்தால் நாக்கு அதற்கேற்பப் பேசத் தொடங்கிவிடும். எல்லோருக்கும் ஒரே வகைக் கோப்பையில் சிறிதளவே ஊற்றுங்கள். வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்தால், இளைய ஒயினின் விளிம்பு ஊதாவாகவும் முதிர்ந்ததன் விளிம்பு செங்கல் நிறமாகவும் தெரியும். மணமும் கரும்பழங்களிலிருந்து பதனிட்ட தோல், புகையிலை, காளான் வாடைகளுக்கு நகரும். வாயை உலர்த்தும் துவர்ப்பு, ஆண்டுகள் செல்லச்செல்ல மென்மையாகும். இளையதில் துவர்ப்பு மிகுந்திருப்பது குறையன்று. அதற்கு ஈடான பழச்சுவையும் புளிப்பும் இருக்கின்றனவா என்று பார்த்தே மதிப்பெண் இட வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெடுத்த பாட்டில் அது. மதிப்பெண் இடாமல் ஒதுக்கிவிடுங்கள், அந்த ஆண்டின் மேல் பழி போடாதீர்கள். ரொட்டியும் தண்ணீரும் போதும், மிளகாய் பஜ்ஜி பிறகு. துப்பிவிடுவதற்கு ஒரு பாத்திரம் கட்டாயம் வையுங்கள், ஐந்தாவது ஒயினுக்கும் நடுநிலை மிஞ்ச வேண்டுமல்லவா? இறுதியில் முதல் ஒயினை மறுபடி சுவைத்து, உங்கள் முதல் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: நாசிக் ஒயினையும் இப்படி ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: பெரும்பாலானவற்றுக்கு வேண்டியதில்லை. அங்கே பருவமழை முடியும் தறுவாயில் கொடிகளைக் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கிறார்கள். எனவே போர்தோவைப் போல அறுவடை மழைக்கு அவ்வளவாக அஞ்ச வேண்டியிராது. பழச்சுவைக்காகச் செய்யப்படும் விலை குறைந்த சிவப்பு ஒயின்களை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவதே நல்லது. ஓக் பீப்பாயில் வைத்த உயர்தர ஒயினானால், 13 டிகிரி அளவில் நிலையான குளிர்ச்சி தரும் பெட்டி உங்களிடம் இருந்தால் மட்டும் சில ஆண்டுகள் வைத்துப் பாருங்கள்.