மேற்குப் பார்த்த கடைக்கு டபுள் கிளாஸ் போட்டால் போதுமா?

கேள்வி: மதுரை காளவாசல் பக்கம் மேற்குப் பார்த்து இரண்டு தளக் கட்டடம் கட்டுகிறோம். கீழே ஜவுளிக்கடை, மேலே ஆபீஸ். முன்பக்கம் முழுக்க 12 எம்எம் டஃபன்ட் (சூடாக்கிப் பலப்படுத்திய) ரிஃப்ளெக்டிவ் (வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும்) கண்ணாடி போடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். துபாயில் இருக்கும் என் மைத்துனர், டபுள் கிளாஸ் போட்டால்தான் சூடு தெரியாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. எனக்கு இடிப்பது அந்த ‘முன்பக்கம் முழுக்க’தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் டபுள் கிளாஸ், அதாவது நடுவே இடைவெளி விட்டு ஓரம் அடைத்த இரண்டு கண்ணாடி. நூறு சதுர அடி 6 எம்எம் பிளெயின் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே 40 டிகிரி, உள்ளே ஏசி ஓடி 25 டிகிரி என்றால், கண்ணாடி வழியாகக் கடந்து வரும் சூடு ஏறக்குறைய 800 வாட். டபுள் கிளாஸ் அதை 400 ஆக்கிவிடும். நல்லதுதான். ஆனால் மூன்று, நான்கு மணிக்கு மேற்கு வெயில் முகத்தில் அடிக்கும்போது கதை வேறு. சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுகிறது என்று வைத்தால், அதே நூறு சதுர அடி வழியே உள்ளே இறங்குவது 4,400 வாட்டுக்கு மேல். ஒரு டன் ஏசியால் வெளியே தள்ள முடிவதே 3,500 வாட்தான். பிளெயின் கண்ணாடி இரண்டை வைத்து டபுள் கிளாஸ் செய்தால் இந்த 4,400 சுமார் 3,900 ஆகும், அவ்வளவே. கனத்தைக் கூட்டி 12 எம்எம் போட்டாலும் பெரிதாக மாறாது. கனம் பலத்துக்கு.

ஆகவே கடையில் பெயரைக் கேட்காமல் எண்ணைக் கேளுங்கள். எஸ்.எச்.ஜி.சி. என்று ஒன்று உண்டு: விழுகிற வெயிலில் எத்தனை பங்கு சூடாக உள்ளே வருகிறது என்ற கணக்கு. பிளெயினுக்கு 0.8 சொச்சம். மத்திய அரசின் 2017 கட்டட எரிசக்தி விதித்தொகுப்பு, நம்மைப் போன்ற வெப்பமான ஊர்களில் மேற்குப் பக்கத்துக்கு 0.27 வரைதான் அனுமதித்தது. அது 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்இணைப்புள்ள வணிகக் கட்டடங்களுக்கு. உங்களைக் கட்டுப்படுத்தாமல் போகலாம். ஆனாலும் மேல்மாடிக்கு அதையே இலக்காக வையுங்கள். கூடவே வி.எல்.டி., அதாவது எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதையும் கேளுங்கள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு மத்தியானம் டியூப்லைட் எரிப்பவர்கள் இந்த ஊரில் நிறைய. சூட்டைத் தடுத்து வெளிச்சத்தை விடும் லோ-ஈ பூச்சுக் கண்ணாடியில் 35, 40 சதவீத வெளிச்சம் கிடைக்கும். அந்தப் பூச்சில் மென்மையான ரகம் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைத்துத்தான் வைக்க வேண்டும். உங்கள் மைத்துனர் ஜெயிப்பது இங்கேதான்.

ரிஃப்ளெக்டிவை முக்கியமாக மறைப்புக்காக வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். இருட்டி விளக்கு போட்ட பிறகு ரோட்டிலிருந்து ஆபீஸ் முழுதும் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்குத் தங்கள் முகம்தான் தெரியும்.

சரி, ‘முழுக்க’ விஷயம். மேற்கு வெயில் தாழ வருவதால் மேலே நீட்டும் சன்ஷேடு அதைத் தடுக்காது. நிறுத்துவாக்கில் பட்டைகள், அல்லது ஓட்டை விட்டுக் கட்டும் ஜாலிச் சுவர், அல்லது கண்ணாடியையே குறைத்து நடுவே செங்கல் சுவர். மேல்மாடி முகப்பில் பாதிக்குக் குறைவாகக் கண்ணாடி இருந்தால் போதும்; மிச்சமாகும் பணத்தை நல்ல கண்ணாடியில் போடுங்கள். வடக்குச் சுவரில் வெயிலே வராது என்று யாராவது சொன்னால், மதுரைக்கு அது செல்லாது. சித்திரை பிறந்த இரண்டொரு நாளில் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வந்து, அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது.

கீழே கடைக்குத் துணி தெரிய வேண்டும், அதனால் தெளிவான கண்ணாடிதான். லேமினேட்டட் போடுங்கள், அதாவது இரண்டு கண்ணாடியைப் படலம் வைத்து ஒட்டியது. நடுவில் இருக்கும் பி.வி.பி. படலம் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுதும் தடுக்கும். அப்படியும் காட்சிக்கு மாட்டிய சுங்குடிச் சேலை மடிப்பின் மேல்பக்கம் மட்டும் வெளுக்கத்தான் செய்யும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தைத் தின்னும். மூன்று மணிக்கு இறக்கிவிட ஒரு துணிப் பந்தலோ மூங்கில் தட்டியோ இருக்கட்டும்.

மேல்மாடியில் வெறும் டஃபன்ட் வேண்டவே வேண்டாம். டஃபன்ட் சில சமயம் யாரும் தொடாமலே வெடிக்கும். உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துணுக்குதான் காரணம். ஹீட் சோக் சோதனை (விற்கும் முன்பே அடுப்பில் சூடாக்கி, வெடிப்பதை வெடிக்க விடுவது) செய்து வாங்கினால் அபாயம் பெரிதும் குறையும், அடியோடு போகாது. கீழே நடைபாதையில் ஆள் நிற்கிற இடம். டபுள் கிளாஸின் வெளிக்கண்ணாடி லேமினேட்டடாக இருந்தால் உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ்க் கதவுக்கு 12 எம்எம் டஃபன்ட் சரி. மூலையில் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பொத்தானைத் தட்டினால் கறுக்கும் ஸ்மார்ட் கண்ணாடியையும் யாராவது காட்டுவார்கள். அமெரிக்காவில் அதைச் செய்து வந்த வியூ நிறுவனம் 2024-ல் திவால் மனு போட்டது. இருபது வருஷம் சர்வீஸ் வேண்டிய பொருள், அவசரம் வேண்டாம்.

டஃபன்டை வாட்டியபின் அறுக்கவோ துளை போடவோ முடியாது. சுவர்ப் பூச்சு வேலை முடிந்து, ஃப்ரேம் நின்றபிறகு அளவெடுக்கச் சொல்லுங்கள். மாட்டிய கண்ணாடியில் சிமெண்டுத் தண்ணீர் வழிந்தால் காய விடாமல் அன்றே கழுவ வேண்டும். சுண்ணாம்புக் காரம் கண்ணாடியை அரித்துவிடும். ஆள் சிலிக்கான் அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வினிகர் வாசனை வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த அசிடிக் ரகம் லேமினேட்டட் ஓரத்தைக் கெடுக்கும். நியூட்ரல் சிலிக்கான்தான் வேண்டும், டியூபிலேயே அச்சடித்திருக்கும்.