பன்றித் தடுப்பூசிகள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பண்ணைக்காரர்கள், மாணவர்கள், சும்மா ஆர்வத்தில் கேட்டவர்கள் என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

வெண்பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்: கொரோனாவுக்கு ஒரே வருஷத்தில் ஊசி வந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நூறு வருஷப் பழைய நோய் என்கிறார்கள். அதற்கு ஏன் இவ்வளவு இழுபறி, டாக்டர்?

நூறு வருஷம் என்பது சரிதான். மான்ட்கோமரி என்பவர் கென்யாவில் பார்த்த இந்த நோயை 1921இல் விவரித்து எழுதினார். கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழைய ஸ்பைக் என்ற ஒரு புரதத்தை நம்பியிருக்கிறது. அதை மறித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இந்த வைரஸில் அப்படி ஒரு பிடி கிடைக்கவில்லை. கொரோனாவின் மரபணுத் தொகுதி சுமார் 30,000 எழுத்து நீளம் என்றால், இதற்கு 1,70,000க்கும் மேல். புரதங்கள் மட்டும் 150க்கு மேல். எதைப் பன்றியின் உடலுக்குக் காட்டிக் கொடுப்பது? ஒன்றிரண்டு புரதங்களைச் சேர்த்து ஊசி போட்டுப் பார்த்தவர்களுக்கு அரைகுறைப் பலன்தான் கிடைத்தது.

இன்னொரு சிக்கல், அது குடியிருக்கும் இடம். கிருமியைப் பிடித்துத் தின்ன வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே இது பெருகுகிறது. திருடன் போலீஸ் ஸ்டேஷனில் வாடகைக்கு இருப்பது மாதிரி. அதனால் கொன்ற வைரஸை ஊசியாகப் போட்டால் ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் வரும், ஆனாலும் அசல் வைரஸ் வந்தால் பன்றி சாகும். மிஞ்சிய வழி, உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திக் கொடுப்பது.

முதுகலை மாணவி: வியட்நாம் தடுப்பூசி அந்த வழியில் வந்ததுதானா? அதில் பிரச்சினை என்று படித்தேனே?

ஆமாம். 2007இல் ஜார்ஜியா நாட்டில் கிடைத்த வைரஸிலிருந்து ஐ177எல் என்ற ஒரு மரபணுவை அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் நீக்கினார்கள். நீக்கியதும் அது பன்றியைக் கொல்லவில்லை, பின்னால் வரும் அசல் வைரஸையும் தாங்க வைத்தது. வியட்நாம் 2022 ஜூனில் இதற்கு அனுமதி கொடுத்தது. ஆகஸ்டிலேயே சில மாகாணங்களில் ஊசி போட்ட பன்றிகள் செத்ததால் நிறுத்தி வைத்தார்கள். 8 முதல் 10 வார வயதுக் குட்டிகளுக்கு என்று சொன்ன ஊசியை வேறு வயதுப் பன்றிகளுக்கும் போட்டதாகச் சொல்லப்பட்டது. 2023 ஜூலையில் இதையும் இன்னொரு உள்நாட்டுத் தடுப்பூசியையும் நாடு முழுக்க அனுமதித்தார்கள்.

பயம் எங்கே என்றால், பலவீனப்படுத்தியது பலவீனமாகவே இருக்குமா என்பதில். ஊசி வைரஸைப் பன்றியிலிருந்து பன்றிக்கு வரிசையாக மாற்றிக்கொண்டே போய்ச் சோதித்தபோது அது மறுபடி வீரியம் பெற்றது. சினைப் பன்றிகளுக்குப் பாதிப்பும் தெரிந்தது. 1960களில் போர்ச்சுகலில் பலவீன வைரஸைப் பெரிய அளவில் போட்டு, நிறையப் பன்றிகள் நாள்பட்ட நோயோடு இழுத்துக்கொண்டு கிடந்த கதை உண்டு. ஒரே மரபணுவை நீக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது என்பது என் அபிப்பிராயம். இரண்டு மூன்று இடத்தில் வெட்டினால் வைரஸ் திரும்பிவரும் வழி குறுகும். ஆனால் அதிகம் வெட்டினால் எதிர்ப்பு சக்தியும் போய்விடுகிறது. கயிற்றின் மேல் நடக்கிற வேலை.

அதே மாணவி: ஊசி போட்ட பன்றி எது, நோய் வந்து பிழைத்த பன்றி எது என்று ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா?

தடுப்பூசி வடிவமைப்பில் பாதி இதுதான். நோய் இல்லாத நாடு என்று காட்டினால்தான் இறைச்சியை ஏற்றுமதி செய்ய முடியும். எல்லாப் பன்றியிலும் ஆன்டிபாடி இருந்தால் யார் நம்புவார்? இதற்கு நல்ல உதாரணம் பன்றிக்கு வரும் இன்னொரு வைரஸ் நோயான ஆஜெஸ்கி. அதன் தடுப்பூசி வைரஸில் ஜிஇ என்ற புரதம் இல்லை. ரத்தத்தில் ஜிஇ-க்கு எதிரான ஆன்டிபாடி தெரிந்தால் அந்தப் பன்றிக்கு அசல் வைரஸ் வந்திருக்கிறது என்று அர்த்தம், பிரித்தெடுத்துவிடலாம். இந்தச் சோதனையை வைத்துத்தான் பல நாடுகள் பண்ணைகளிலிருந்து அந்த நோயை ஒழித்தன.

நாமக்கல் பக்கம் பண்ணை: பன்றிக் காய்ச்சல் ஊசி ஒழுங்காகப் போட்டேன். அப்படியும் குட்டிகள் செத்தன. மருந்து போலியா?

இது ஆப்பிரிக்க நோய் இல்லை, சாதாரணப் பன்றிக் காய்ச்சல், வைரஸே வேறு. எந்த வயதில் போட்டீர்கள்? நான் போன ஒரு பண்ணையில் மூன்று வாரக் குட்டிகளுக்கே போட்டிருந்தார்கள். தாய்க்கும் ஊசி போட்டிருந்ததால் சீம்பாலில் வந்த ஆன்டிபாடி குட்டியின் ரத்தத்தில் நிறைய இருந்தது. உயிருள்ள தடுப்பூசி வைரஸ் உள்ளே போனதும் அந்த ஆன்டிபாடியே அதை அழித்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துத் தாயின் பாதுகாப்பும் தீர்ந்தது, ஊசியின் பாதுகாப்பும் இல்லை. அதனால்தான் இரண்டாம் மாதம் வரை காத்திருக்கச் சொல்வது. அப்புறம், ஐஸ் உருகிய தெர்மாக்கோல் பெட்டியையும் பாருங்கள். உலர்த்திய மருந்தைக் கரைத்த பிறகு சாயங்காலம் வரை வைத்துக்கொண்டு போடக் கூடாது.

ஒரு பக்கச் செய்தி: நம் நாட்டில் இந்த ஊசியை முன்பு முயலில்தான் தயாரித்தார்கள். ஒரு முயலைக் கொன்றால் அதன் மண்ணீரலிலிருந்து சுமார் 50 டோஸ். பரேலி இஸத்நகரில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உள்நாட்டு வைரஸிலிருந்தே செல் வளர்ப்பில் தயாரிக்கும் தடுப்பூசியை 2020இல் வெளியிட்டது. முயல்கள் பிழைத்தன.

வட்டார மொத்த வியாபாரி: பிறந்த குட்டிகள் கழிச்சலில் சாகின்றன. குட்டிக்கு ஊசி இல்லையா?

கழிச்சலுக்குப் பல காரணம் உண்டு, முதலில் சாணத்தைச் சோதிக்கக் கொடுங்கள். பிஇடி என்ற கொரோனா வகை வைரஸ் என்றால், ஒரு வாரத்துக்குள் இருக்கும் குட்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடும். ஊசி போட்டு அது வேலை செய்ய நேரமே இல்லை. 2013இல் அமெரிக்காவுக்குள் நுழைந்த இந்த வைரஸ் முதல் ஓராண்டிலேயே பல லட்சம் குட்டிகளைக் கொன்றது. கருவில் இருக்கும்போது பன்றிக்குட்டிக்குத் தாயின் ஆன்டிபாடி வராது. பிறந்து முதல் நாள் குடிக்கும் சீம்பால்தான் எல்லாம். ஆகவே ஊசி தாய்க்கு.

அதிலும் ஒரு வித்தை இருக்கிறது. குட்டியின் குடலைக் காக்கப் பாலில் ஐஜிஏ வகை ஆன்டிபாடி வேண்டும். தாயின் குடல் அந்த வைரஸைச் சந்தித்தால்தான் அங்கே தயாரான செல்கள் மடிக்குப் போகும். தசையில் போடும் ஊசி மட்டும் அதைச் சரியாகச் செய்வதில்லை. செத்த குட்டியின் குடலை அரைத்துச் சினைப் பன்றிக்குக் கொடுக்கும் முறை வந்தது இதனால்தான். கேட்க அருவருப்பு, காரணம் புரிந்தால் நியாயம். ஆனால் வேறு நோயும் சேர்ந்து பரவும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. வாய்வழி கொடுக்கும் தடுப்பூசியைத் தேடி ஆராய்ச்சி நடக்கிறது.

ஐடி ஊழியர்: அமெரிக்காவில் பன்றிக்கு ஆர்என்ஏ ஊசி போடுகிறார்களாமே. கறியில் இருக்காதா?

இருக்காது. வைரஸின் ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லி பன்றியின் செல்லுக்குக் கொடுக்கும் மரபணுக் குறிப்பு அது, சில நாளில் சிதைந்துவிடும்; அறுப்புக்கு முன் பொதுவாக 21 நாள் காத்திருக்கவும் வேண்டும். உங்களைவிட எனக்கு அதில் சுவாரசியம் வேறு: பண்ணையில் பரவும் வைரஸின் மரபணு வரிசையை மட்டும் அனுப்பினால் போதும், அந்தப் பண்ணைக்கென்றே ஊசி தயாரித்துத் தரலாம்.

கடைசியாகப் பெயர் சொல்ல வேண்டாம் என்றவர்: ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு ஊசி இருக்கிறது என்று ஒருவர் புட்டியைக் கொடுத்தார். போடலாமா?

போடாதீர்கள். இந்தியாவில் அந்த நோய்க்கு அனுமதி பெற்ற தடுப்பூசி இல்லை. சீனாவில் மரபணு நீக்கப்பட்ட வைரஸ்கள் பண்ணைகளில் தென்பட்டபோது திருட்டு ஊசிகள் மீதுதான் சந்தேகம் போனது. அந்தப் புட்டியைத் திறக்காமல் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் ஒப்படையுங்கள். மிச்சக் கறி வழியாகவும் இந்த வைரஸ் பரவும்; ஓட்டல் மிச்சம் போடுகிறவர் என்றால், 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே காய்ச்சிப் போடுங்கள்.