ஒரே பெயரில் இரண்டு பூல்: பழையதை நீக்குவது எப்படி?

கேள்வி: வீட்டு சர்வரில் எஸ்டிபி, எஸ்டிசி என்ற இரண்டு டிஸ்க்குகளின் எஸ்டிபி1, எஸ்டிசி1 பார்ட்டிஷன்களில் 'டேங்க்' என்ற இசட்எஃப்எஸ் மிரர் பூல் (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் சேமிப்புத் தொகுப்பு) சிக்கலின்றி ஓடுகிறது. பூல்களைத் தேடி இணைக்கும் 'இசட்பூல் இம்போர்ட்' கட்டளையைக் கொடுத்தால் அதே பெயரில் இன்னொன்றும் செயலிழந்த நிலையில் தெரிகிறது. இரண்டு டிஸ்க்குகளும் முன்பு ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்க்காக இருந்தவை. எப்படி நீக்குவது?

பதில்: பூலை அழிக்கும் 'இசட்பூல் டெஸ்ட்ராய்' இங்கே உதவாது. அது இம்போர்ட் ஆன பூலுக்குத்தான். அந்தப் பெயரில் இம்போர்ட் ஆகியிருப்பது உங்கள் நல்ல பூல்!

இசட்எஃப்எஸ் ஒவ்வொரு டிஸ்க்கிலும் 256 கேபி அளவில் நான்கு லேபிள்களை (பூலின் அடையாள விவரங்கள்) எழுதும்: 0, 1 தொடக்கத்தில்; 2, 3 கடைசியில். பிறகு ஜிபிடி (பார்ட்டிஷன் அட்டவணை) போட்டபோது அது தொடக்கத்தில் முதல் 17 கேபியை மட்டும் எடுத்துக்கொண்டது, லேபிள் 0 கெட்டது. பார்ட்டிஷன் வழக்கமாக 1 எம்பியில் தொடங்குவதால் லேபிள் 1 தப்பியது. பார்ட்டிஷன் டிஸ்க்கின் கடைசிவரை போகாமல் முன்பே முடிந்திருந்தால் 2, 3-ம் மிஞ்சிக் கிடக்கும். நீங்கள் பார்ப்பது இந்த மிச்சத்தைத்தான்.

முதலில் லேபிள்களைப் படித்துக் காட்டும் 'இசட்டிபி மைனஸ் எல்' கட்டளையை எஸ்டிபி, எஸ்டிபி1 இரண்டுக்கும் தனித்தனியே கொடுத்து, பூல் ஜியுஐடி எண்களை (ஒவ்வொரு பூலுக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒப்பிடுங்கள். 'இசட்பூல் கெட் ஜியுஐடி டேங்க்' காட்டும் எண் எஸ்டிபி1-இல் இருக்க வேண்டும். எஸ்டிபியில் வேறு எண் வர வேண்டும். இரண்டிலும் ஒரே எண் என்றால் அங்கேயே நிறுத்துங்கள், உங்கள் சிக்கல் வேறு.

பலர் இந்த இடத்தில் ஓடுகிற டிஸ்க்கின் மீதே, லேபிளை அழிக்கும் 'லேபிள்கிளியர்' கொடுக்கிறார்கள். சில பதிப்புகளில் பார்ட்டிஷன் அட்டவணையும் சேர்ந்து போய்விடும். மிரர் இருக்கும்போது இந்த ஆபத்து தேவையே இல்லை.

பேக்கப் எடுத்து, ஸ்க்ரப் (பூலின் தரவு முழுவதையும் சரிபார்ப்பது) ஓட்டி, பிழை இல்லை என்று உறுதிசெய்யுங்கள். எஸ்டிபி1-ஐ மிரரிலிருந்து 'டிடாச்' செய்து பிரியுங்கள். எஸ்டிபி என்ற பெயர் ரீபூட்டில் மாறலாம், அதனால் சீரியல் எண்ணையும் பாருங்கள். பின் 'இசட்பூல் லேபிள்கிளியர் மைனஸ் எஃப்', முதலில் எஸ்டிபி1-க்கு, அடுத்து எஸ்டிபிக்கு. அதன்பின் எஸ்டிபி மீது 'வைப்எஃப்எஸ் மைனஸ் ஏ', இது பார்ட்டிஷன் அட்டவணை உட்பட மிச்ச அடையாளங்களை அழிக்கும். 'இசட்டிபி' நான்கு லேபிள்களையும் படிக்க முடியவில்லை என்று சொன்னால் டிஸ்க் சுத்தம்.

எஸ்டிபியில் மறுபடி எஸ்டிபி1 பார்ட்டிஷன் போடுங்கள். அது எஸ்டிசி1-ஐவிடச் சிறியதாக இருக்கக் கூடாது, இருந்தால் 'அட்டாச்' மறுக்கப்படும். 'இசட்பூல் அட்டாச் டேங்க் எஸ்டிசி1 எஸ்டிபி1' கொடுத்து, ரிசில்வர் (தரவை புதிய டிஸ்க்குக்கு நகலெடுப்பது) முழுக்க முடியும்வரை காத்திருங்கள். அதுவரை தரவு ஒரே டிஸ்க்கில்தான் இருக்கிறது. முடிந்தபின் எஸ்டிசிக்கும் இதையே செய்யுங்கள்.

இதற்கெல்லாம் இப்போது நேரமில்லையா? பழைய லேபிள் சும்மா கிடப்பதால் தரவுக்குக் கேடில்லை. ரீபூட்டுக்குப் பின் ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பூல் இருப்பதாக இம்போர்ட் மறுத்தால், பெயருக்குப் பதில் நல்ல பூலின் ஜியுஐடி எண்ணைக் கொடுங்கள்.