ஓடிப்போன பலகாரம்: தாயாகிப் பாட்டு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானில் இதுவரை அதிகம் விற்ற சிங்கிள் ரெக்கார்டு ஒரு குழந்தைப் பாட்டாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். 'ஒயோகே! தாயாகி-குன்'. 'நீந்து, தாயாகித் தம்பி!' என்று வைத்துக்கொள்ளலாம். ஃபூஜி டிவியின் சிறுவர் நிகழ்ச்சியில் வந்த பாட்டு. 1975 கிறிஸ்துமஸ் அன்று ரெக்கார்டு வெளியானது. ஜப்பானின் ரெக்கார்டு விற்பனைப் பட்டியலான ஒரிக்கானில் நுழைந்த வாரமே முதலிடம், தொடர்ந்து 11 வாரம் அங்கேயே. விற்றது 45 லட்சத்துக்கும் மேல்.

கேள்வி: தாயாகி என்றால் என்னங்க?

பதில்: மீன் வடிவ இரும்பு அச்சில் மாவை ஊற்றி, நடுவே இனிப்புப் பயறு விழுது வைத்துச் சுடும் பலகாரம். போளிப் பூரணம் மாதிரிதான், ஆனால் சிவப்புப் பயறு. 'தாய்' அங்கே ஒரு மீனின் பெயர். அம்மாவைச் சுடவில்லை, பயப்படாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். மெட்டே அழுகிறது. குழந்தைப் பாட்டா இது?

பதில்: மைனர் ஸ்கேல், அதாவது சோகச் சாயல் உள்ள சுர வரிசை, அழத்தான் செய்யும். கதையைக் கேளுங்கள். தினமும் இரும்புத் தட்டில் வெந்து அலுத்துப்போன தாயாகி, கடைக்காரரோடு சண்டை போட்டுக் கடலில் குதிக்கிறது. வயிற்றில் பயறு கனக்கிறது, ஆனாலும் கடல் விரிந்து கிடக்கிறதே, ஒரே குஷி. அப்புறம் சுறா படுத்தும் பாடு, பசி. பாறை ஓரமாக எதையோ கவ்வினால் அது தூண்டில்! பிடித்தவர் எச்சில் ஊறத் தின்றுவிடுகிறார். 1973 எண்ணெய் நெருக்கடியில் ஜப்பானின் வேகமான வளர்ச்சி நின்றுபோயிருந்த நேரம். அதே ரயில், அதே மேசை என்று வாழ்ந்த ஆபீஸ்காரர்களுக்கு அந்த இரும்புத் தட்டு யாருடையது என்று புரிந்திருக்கும். பிள்ளைக்கு என்று வாங்கி அப்பாவே கேட்டிருப்பார் என்பது என் கணிப்பு.

கேள்வி: பாடியவர் கோடீஸ்வரர் ஆகியிருப்பாரே?

பதில்: எங்கே! ஷிமோன் மசாதோவுக்கு ராயல்டி கிடையாது. 50,000 யென்னுக்கு மொத்தமாகப் பேசி முடித்த வேலை. பாட்டு ஓடிய பிறகு ரெக்கார்டு கம்பெனி 10 லட்சம் யென்னும் ஒரு வெள்ளை கிடாரும் கொடுத்தது.

கேள்வி: 'டாங்கோ' பாட்டும் இதே ரகமா?

பதில்: 'டாங்கோ 3 க்யோதாய்', அதாவது 'டாங்கோ மூன்று சகோதரர்கள்', 1999, ஜப்பானின் பொது ஒளிபரப்பான என்.ஹெச்.கே. அதுவும் பலகாரம்தான், அதுவும் லட்சக்கணக்கில் விற்றது. ஒரே குச்சியில் செருகிய மூன்று மாவு உருண்டைகள், அண்ணன் தம்பிகள். டாங்கோவுக்கு டேங்கோ நடனத் தாளம்! அலமாரியில் தூங்கிக் கெட்டியாகிப் போகிறார்கள், அடுத்த பிறவியிலும் அதே குச்சி வேண்டும் என்கிறார்கள். கடலுக்கு ஓட அங்கே யாருக்கும் தோன்றவில்லை.