பாமினிக் கோப்புகள் லினக்ஸில் திறக்குமா?

கேள்வி: வெள்ளவத்தையில் சின்னக் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். கடையிலுள்ள பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாதாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடலாம், ஆனால் பாமினியில் அடித்த கோப்புகளை எல்லாம் மாற்ற வேண்டும் என்று திருத்துகிற தம்பி பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறார். கொடுக்கலாமா? கணக்கு மென்பொருள் வேலை செய்யுமா?

பதில்: பக்கக் கணக்கில் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கொழும்பில் இது இப்போது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

பாமினி ஓர் எழுத்துரு மட்டுமே. நீங்கள் 'தமிழ்' என்று அடிக்கும்போது கோப்பில் பதிவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. அவற்றைத் தமிழாகக் காட்டுவது அந்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். அதைக் காட்டித்தான் கோப்பு பழுது என்று பயமுறுத்துகிறார்கள். பழைய கணினியின் ஃபொண்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பாமினியை பென் டிரைவில் எடுத்து, லினக்ஸில் இரண்டு முறை கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் கோப்பு தமிழாகவே திறக்கும். வரிகள் சற்று இடம் மாறலாம். சத்தியக்கடதாசி போன்றவற்றை அச்சிட முன் ஒருமுறை பாருங்கள்.

புதிதாக அடிப்பதை, கோப்பில் தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடில் அடியுங்கள். தமிழுக்கு எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தரம் 2008இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அலுவலகங்கள் பாமினிப் படிவங்களைக் கையில் தருவதும், யூனிகோடில் கொண்டுபோனால் 'எழுத்து வரவில்லை' என்று திருப்பி அனுப்புவதும் எரிச்சலாக இருக்கிறது. அவர்களின் அலட்சியத்துக்குக் கடைக்காரர்தான் காசு கட்டுகிறார்.

விண்டோஸும் லினக்ஸும் பகையாளிகள், ஒன்றின் பொருள் மற்றதில் ஓடாது என்பது விற்பவர்கள் பரப்பும் கதை. வைன் என்ற இலவச மென்பொருளை 1993இலிருந்து எழுதி வருகிறார்கள். விண்டோஸ் மென்பொருள் கேட்பதை லினக்ஸுக்கு விளங்கும்படி மாற்றிக் கொடுப்பதே அதன் வேலை. ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளம் போட்டவர்களும் ஆப்பிளின் மெக் வைத்திருப்பவர்களும் பயன்படுத்துவது அதே வைன்தான். லினக்ஸ் அச்சிடுவதற்கு நம்பியிருக்கும் கப்ஸ் என்ற மென்பொருளை ஆப்பிள் 2002இல் மெக்கில் சேர்த்தது. 2007இல் அதை விலைக்கு வாங்கிய பிறகும் எல்லோருக்கும் திறந்தே வைத்தது. ஆகவே பெட்டியில் ஏர்பிரின்ட் என்று, அதாவது ஆப்பிளின் அச்சு முறையின் பெயர், போட்ட பிரின்டர் லினக்ஸிலும் பெரும்பாலும் சிக்கலின்றி அச்சிடும்.

கணக்கு மென்பொருளில் ஒன்றைக் கவனியுங்கள். அதைத் திறக்க யூஎஸ்பி டொங்கிள், அதாவது சாவி போன்ற ஒரு சின்னக் குச்சி, செருக வேண்டுமா? வேண்டுமென்றால் வைனை நம்ப வேண்டாம். மென்பொருள் கேட்பதைத்தான் வைன் மாற்றிக் கொடுக்கும். டொங்கிளை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளோ விண்டோஸின் அடிப்பகுதிக்குள் போய் உட்காருவது. அதற்கு லினக்ஸில் இடமில்லை. மென்பொருள் திறந்து திரை வந்ததும் 'சரி, ஓடுகிறது' என்று தம்பி சொல்லிவிட்டுப் போகலாம். பில் ஒன்றை அச்சிட்டு, கணினியை நிறுத்தி மறுபடி போட்டு, நேற்றைய கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டொங்கிளைத் தாண்ட 'கிராக்' என்ற பூட்டுடைக்கும் மென்பொருளைப் போட்டுத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்புங்கள்; உங்கள் கணக்கு முழுவதையும் அவர் கையில் கொடுப்பதாகிவிடும். டொங்கிள் உள்ள கணினி ஒன்றை மட்டும் விண்டோஸ் 10இலேயே விட்டு, இணைய வயரைக் கழற்றிவிடுங்கள். 2025 ஒக்டோபர் 14உடன் நின்றது வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள்தான். கணினி நிற்கவில்லை.

மற்றக் கணினிகளையும் உடனே ஃபோர்மட் செய்ய விடாதீர்கள். உபுண்டு, மின்ட் என்ற லினக்ஸ் வகைகள் இரண்டையும் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருப்பது எதுவும் அழியாது. பாமினிக் கோப்பு, பிரின்டர், ஸ்கேனர் மூன்றையும் அப்படியே உங்கள் கண்முன் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு கோப்புகளை வேறொரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து, அந்த டிஸ்கை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். தம்பிக்கு வேலைக்கூலி கொடுப்பது நியாயம். லினக்ஸ் லைசன்ஸ் என்று பில்லில் தனியாக ஒரு தொகை போட்டிருந்தால் வெட்டிவிடுங்கள். உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் விலை கிடையாது.