ஊமைப்படக் காதல் நகைச்சுவை: கேளுங்கள், சொல்கிறேன்

கே: சார், ஊமைப்படம் என்றால் எனக்கு சாப்ளினைத்தான் தெரியும். காதல் காமெடி பார்க்க எதில் தொடங்கலாம்?

ப: 1927-இல் வந்த 'இட்'. பெரிய கடையொன்றில் சாமான் விற்கும் பெண்ணாக கிளாரா போ. முதலாளி மேல் அவருக்கு ஒரு கண். ரிட்ஸ் ஓட்டலுக்குப் போக வேண்டும், உடுத்த நல்லதாக ஒன்றும் இல்லை. வேலைக்குப் போட்டுப்போன கவுனையே கத்தரிக்கோலால் வெட்டிச் சீராக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அந்தத் துணிச்சலுக்கே படம் பார்க்கலாம்.

கே: வசனமே இல்லாமல் எப்படி ஒன்றுவது? நடுவில் வசனத்துக்காகக் காட்டும் எழுத்து அட்டையைப் படித்து முடிப்பதற்குள் மாறிவிடுகிறதே!

ப: அட்டை ஒன்றிரண்டு போனால் போகட்டும், முகத்தை விடாதீர்கள். கிங் விடோர் இயக்கிய 'த பேட்சி' (1928) படத்தில் மரியன் டேவிஸ், அக்காவின் காதலனை மனதுக்குள் விரும்பும் தங்கை. ஓர் இடத்தில், குடித்துக் கிறங்கிக் கிடக்கும் பணக்காரப் பையனின் கவனத்தைத் திருப்ப, அங்கிருக்கும் நட்சத்திரங்களின் படங்களைப் பார்த்து மே மரே, லில்லியன் கிஷ், போலா நெக்ரி என்று வரிசையாக மாறிக் காட்டுகிறார். அந்த மூவரையும் தெரியாதவர்களுக்கும் சிரிப்பு வரும். இத்தனை குறும்புக்காரரை, அவரை வளர்த்துவிட்ட பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் பட்டாடை கட்டிய சரித்திர நாயகியாகக் காட்டத்தான் பணத்தைக் கொட்டினார். என்ன ரசனையோ!

கே: டாக்கி வந்ததும் குரல் சரியில்லாமல்தான் கிளாரா போ ஒழிந்தாராமே?

ப: கட்டுக்கதை. அவருடைய முதல் பேசும் படம் 'த வைல்ட் பார்ட்டி' (1929) நன்றாகவே ஓடியது. மைக் என்றால் அவருக்குப் பயம், அது உண்மை. இயக்குநர் டோரத்தி ஆர்ஸ்னர் மைக்கை ஒரு தூண்டில் கழியில் தொங்கவிட்டு, அவர் போகுமிடமெல்லாம் தலைக்கு மேலேயே வரும்படி செய்தார். 1933-இல், 28 வயதில், அவராகத்தான் சினிமாவை விட்டார்.

கே: ஊமைப்படத்தில் எல்லோரும் ஏன் ஓட்டமாக ஓடுகிறார்கள்?

ப: கேமராவைக் கையால் சுற்றிய காலம். நொடிக்கு 16, 18 பிரேம் என்று எடுத்ததை 24-இல் ஓட்டினால் அப்படித்தான். சரியான வேகத்தில் ஓடும் பிரதியாகத் தேடுங்கள்.

கே: ஊமைப்பட நடிகை காலீன் மூர் படம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

ப: அவருக்குப் பேர் வாங்கித் தந்த 'ஃப்ளேமிங் யூத்' (1923) பெரும்பாலும் அழிந்துவிட்டது. 'எல்லா சிண்டர்ஸ்' (1926) இருக்கிறது. அதில் நடிப்புப் புத்தகத்தைப் பார்த்துக் கண் பயிற்சி செய்வார். ஒரு கண் அப்படியே நிற்க, இன்னொன்று மட்டும் தனியாகச் சுழலும். ட்ரிக் ஷாட்தான். தெரிந்தும் நான்கு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.