சொந்த ஊரில் விசாரிக்கும் பெண் ஆய்வாளர்: ஊரை மாற்ற வேண்டாம்

வணக்கம். உங்கள் நாவலின் நாயகி பிறந்த ஊரின் காவல் நிலையத்துக்கே ஆய்வாளராக வந்து தொடர் கொலைகளை விசாரிப்பது நம்பும்படி இல்லை என்று நண்பர் கூறியதால், கதை நிகழும் ஊரையே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஊரை மாற்றாதீர்கள். அவர் வந்து சேரும் வழியை மட்டும் மாற்றுங்கள். உள்ளூர் விசாரணையில் நம்பிக்கை இழந்த குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தை நாட, வழக்கு மாநிலக் காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவான சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டால், அவர் அங்கிருந்து இயல்பாக வரலாம்.

ஊரின் நெருக்கத்தைக் காட்ட, சடலத்தைப் பார்த்துக் காவலர் நடத்தும் பிரேத விசாரணையை விடச் சிறந்த இடம் இல்லை என்பேன். அக்கம்பக்கத்தைச் சேர்ந்த மதிப்புக்குரியவர்கள் இருவராவது உடனிருக்க வேண்டும் என்கிறது சட்டம். இரண்டாம் கொலையில் உள்ளூர் ஆய்வாளர் அதை நடத்தும்போது, நாயகிக்கு அகரம் கற்பித்த ஆசிரியர் பஞ்சாயத்தாராக, அதாவது அப்படி உடனிருப்பவராக, அழைக்கப்பட்டு, வேப்பமரத்தடியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நாயகியின் முகத்தைப் பார்க்காமலேயே அறிக்கையில் கையெழுத்திடட்டும்.

இறுதி அத்தியாயத்தில் பால்யத் தோழி நாயகியிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வதோடு வழக்கு முடிவதுதான் உண்மையான பிழை. காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. காவலில் அவர் கூறியதைக் கொண்டு அரிவாள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டுமே சாட்சியமாகும். மேலும், கதை 2025இல் நடப்பதால் கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு அல்ல, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவே பொருந்தும்.